இன்னாசி ஓடிய தூரம்

கல்லறைத் திருநாளன்று எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. திண்டுக்கல்லில் வேறெந்தக் குடும்பத்திலும் இல்லை, நான் விசாரித்துவிட்டேன். கல்லறையைக் கழுவி, செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் கிளம்ப மாட்டோம். கல்லறைத் திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரிப்போம். குடும்பத்தில் மூத்தவர், செத்தவரைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். மெழுகுவர்த்தி அணையும்வரை சொல்ல வேண்டும். முன்பு சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் நான்தான். மூத்தவனும் நான்தான். பெயர் சூசைமாணிக்கம், வயது எழுபத்தேழு.

செத்தவன் என் தம்பி இன்னாசி. 1985இல், இருபத்தெட்டு வயதில் செத்தான். அவன் மகள் சகாயசெல்விக்கு அப்போது இரண்டு வயது. அப்பா முகம் அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஓர் அப்பாவைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வருஷத்துக்கு ஒரு சம்பவம் வீதம் நாற்பது வருஷம் தயாரித்தேன்.

இன்னாசி ஒரு தடவை சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்கோட்டை உச்சிக்கு ஏறி, அங்கே உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிவிட்டு இறங்கினான். எதற்கு மேலே போய் ஒட்டினார் என்று செல்வி கேட்டாள். மேலே காற்று சும்மா கிடைக்கும் என்றேன். இன்னொரு தடவை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அவன் தும்மிய தும்மலில், கேரளாவுக்குக் கிளம்பிய தக்காளி லாரி நின்றுவிட்டது. டயர் வெடித்துவிட்டது என்று டிரைவர் இறங்கி நான்கு பக்கமும் பார்த்தார். சின்னாளப்பட்டியில் ஒரு தறிக்காரர், நெய்த சேலை நீளம் போதவில்லை என்று அழுதுகொண்டிருந்தார். இன்னாசி ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தான். அரை கஜம் கூடியது.

இந்தத் திறமைக்கு எனக்குப் பயிற்சி இருந்தது. முப்பத்தோரு வருஷம் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். வண்டி எப்போது வரும் என்று கேட்பவர்களிடம் “இந்தா வந்துருச்சு” என்று முகம் மாறாமல் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பி, மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஏழு காரணம் சொல்லியிருக்கிறேன். ஏழும் பொய். தம்பி செத்த மாதமே அவன் வீட்டு மாடிக்குக் குடிவந்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

இன்னாசி எப்படிச் செத்தான் என்பதையும் நான்தான் சொன்னேன். வேடசந்தூர்ப் பக்கம் அவன் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். அங்கே கிணற்றில் கன்றுக்குட்டி விழுந்துவிட்டது, இறங்கித் தூக்கிக் கரையில் விட்டான், கிணற்றுக்குள் இருந்த விஷவாயு தாக்கி அங்கேயே சரிந்துவிட்டான். முதலில் சொன்னது இவ்வளவுதான். செல்வி ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அழுதுகொண்டு வந்தாள். ஒரு கன்னுக்குட்டிக்காகவா உங்கப்பா செத்தாரு என்று வகுப்பில் ஒருத்தி கேட்டுவிட்டாள். அந்த வருஷம் கல்லறையில் உட்கார்ந்து கன்றுக்குட்டியை ஒரு சின்னப் பிள்ளையாக மாற்றினேன். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, மூன்று வயது, இன்னாசி மூன்று தடவை முங்கித் தேடினான், மூன்றாம் தடவை கையில் தலைமுடி சிக்கியது. செல்வியின் அம்மா மரியபுஷ்பம் எதிரே உட்கார்ந்து சேவு தின்றுகொண்டிருந்தாள். போன வருஷம்வரை அது கன்றுக்குட்டியாக இருந்ததே என்று அவள் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை எங்கள் குடும்பத்தில் நன்றாக வளர்ந்தது. செல்வியின் மகன் ஆல்வின் காலேஜ் முடித்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்குத்தான் போவேன் என்று நின்றான். எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் மாதம் ஒரு மாடோ மனிதரோ விழுவதும், தீயணைப்பு வண்டி போய்த் தூக்குவதும் சகஜம். “எங்க தாத்தா கயிறு கூட இல்லாம இறங்குனவரு” என்று நண்பர்களிடம் சொல்வான். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். நவம்பர் ஆறாம் தேதி உடற்தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். தினமும் காலையில் மைதானத்துக்குப் போய் ஓடினான்.

அக்டோபர் கடைசியில் ஒரு நாள், மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில், ஆயிரத்து இருநூறு மீட்டரில் விழுந்தான். கூட ஓடினவர்கள் தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டானாம். ஒன்றுமில்லை, வெறும் வயிற்றில் ஓடினேன் என்றான். செல்வி விடவில்லை. தையல் கடையைப் பூட்டிவிட்டு அவனை இருதய டாக்டர் ஷப்னத்திடம் அழைத்துப் போனாள். அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் ஆண் துணைக்கு நான் போனேன். துணை என்றால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது.

ஷப்னம் டாக்டர் நிதானமானவர். ஜெல்லைத் தடவி, திரையில் ஆல்வினின் இருதயத்தை ரொம்ப நேரம் பார்த்தார். சுவர் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது என்றார். தினமும் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு அப்படி ஆவதுண்டு, அது நோய் இல்லை. ஆனால் பரம்பரையாக வருகிற ஒரு நோயிலும் இதே மாதிரிதான் தெரியும். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் செல்வியைப் பார்த்துக் கேட்டார்.

“உங்க குடும்பத்துல யாராவது நாப்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்திருக்காங்களா? ஓடும்போது, விளையாடும்போது, இல்ல தூக்கத்துல?”

“எங்கப்பா இருபத்தெட்டுல இறந்தாரு டாக்டர். ஆனா அது வேற. கெணத்துல விழுந்த பிள்ளையத் தூக்கப் போயி, விஷவாயு தாக்கிருச்சு” என்றாள் செல்வி. சொல்லும்போது அவள் முதுகு நிமிர்வதைப் பார்த்தேன். அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்படித்தான் நிமிர்வாள்.

டாக்டர் மரியாதையாகத் தலையசைத்தார். அப்படியானால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை, பத்து நாள் ஓடாமல் இருக்கட்டும், திரும்பவும் எடுத்துப் பார்ப்போம் என்றார். அப்படி யாராவது இருந்திருந்தால் இன்றைக்கே மதுரைக்கு அனுப்பியிருப்பேன், வாழ்நாளில் ஓடவே கூடாது என்று சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார்.

நான் சுவரில் மாட்டியிருந்த இருதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் நீலமுமாக நன்றாக வரைந்திருந்தார்கள். என் வாய் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வேலைநிறுத்தம் செய்தது. ஏனென்றால் இன்னாசி ஓடித்தான் செத்தான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆல்வின் பத்து நாள் பொறுக்கவில்லை. இரண்டாம் நாளே ஓடினான். ஆறாம் தேதியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்றான். நான் எனக்குத் தெரிந்த வழியில் தடுத்துப் பார்த்தேன். அவன் ஓடும்போது போடும் ஷூவை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். வெறுங்காலோடு ஓடினான். சிறுமலையிலிருந்து ஒரு சிறுத்தை இறங்கி மைதானத்துப் பக்கம் சுற்றுகிறது, பால்காரர் பார்த்தார் என்றேன். சிறுத்தை வந்தால் நேரம் இன்னும் குறையும் தாத்தா என்றான். தேர்வைத் தள்ளிவைத்துவிட்டதாக டிவியில் சொன்னார்கள் என்றேன். போனை எடுத்துப் பார்த்துவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினான்.

ஒரு சாயங்காலம் நான் மட்டும் ஷப்னம் டாக்டரிடம் போனேன். டோக்கன் பதினாறு. செல்விக்குத் தெரியாமல் டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை எட்டுத் தடவை ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் டாக்டர், “என்ன செய்யுது ஐயா?” என்றார். முழங்கால் வலிக்கிறது என்றேன். இருதய டாக்டரிடம் போய் முழங்கால் தைலம் எழுதி வாங்கி வந்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் செல்விக்கு அப்பா போய்விடுவார். நாற்பது வருஷம் அவர் கூடவே வாழ்ந்திருக்கிறாள். அப்பாவோடு சேர்த்துப் பெரியப்பாவும் போய்விடுவார். அது எனக்கு அதைவிடப் பெரிய பயமாக இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் கல்லும் தயாராகிவிட்டது. நாற்பதாம் வருஷம் என்பதால் கல்லறைக்குக் கறுப்பு கிரானைட் பலகை வைக்கச் செல்வி ஏற்பாடு செய்திருந்தாள். பைபாஸ் பக்கம் கல் செதுக்கும் செழியன், சரிபார்க்கச் சொல்லி என்னை அழைத்துப் போனார். “பிறர் உயிர் காக்கத் தன்னுயிர் தந்த இன்னாசி” என்று இருந்தது. எழுத்தெல்லாம் சரிதானே என்று கேட்டார். எழுத்தெல்லாம் சரி என்றேன்.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் மழை தூறி நின்றுவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். பூவும் மெழுகும் ஈரமண்ணும் கலந்த வாசனை. செல்வி புதுக் கல்லைத் துடைத்து, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலிருந்தும் விரலால் தண்ணீரை வழித்தாள். ஆல்வின் மெழுகுவர்த்தி ஏற்றினான். செபம் முடிந்தது. காராச்சேவுப் பொட்டலம் பிரிந்தது. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு நாற்பத்தோராவது கதை ஒன்று தயாராகவே இருந்தது. அதில் ஒரு தென்னை மரம் வருகிறது. அதைச் சொல்லவில்லை.

தோட்டத்துக் கன்றுக்குட்டி அன்றைக்குப் பனைமரத்தில் கட்டிக் கிடந்தது என்று ஆரம்பித்தேன். எனக்கு வார லீவு, தோட்டத்துக்குப் போயிருந்தேன். இன்னாசி ரோட்டோரக் கடையில் டீ குடிக்கப் போயிருந்தான். எனக்குப் பொழுது போகவில்லை. கடைக்கு நடந்து போனேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, “ஏலே, கன்னுக்குட்டி கெணத்துல விழுந்துருச்சு” என்றேன். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு ஓடினான். எந்தக் கன்றுக்குட்டி, எப்போது, நீ ஏன் இங்கே நிற்கிறாய் என்று எதுவும் கேட்கவில்லை. நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். அவன் வைத்துவிட்டுப் போன பாதி டீயை நான் குடித்தேன். பிறகு மெதுவாக நடந்தேன். வந்து என்னைத் திட்டப் போகிறான், என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டுவான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும். போய்ப் பார்த்தால் கிணற்று மேட்டில் குப்புறக் கிடந்தான். கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு அவன் கையை நக்கிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் யாரும் விழவில்லை. விஷவாயுவும் இல்லை. அவன் ஓடிவந்து விழுந்து செத்தான். அதற்கு முந்தின வருஷம் கோவில் திருவிழாவில் சப்பரம் தூக்கும்போதும் மயங்கி விழுந்தான், விரதம் இருந்ததால் என்று நினைத்தோம்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். அரை மெழுகுவர்த்திகூட ஆகவில்லை.

ஆல்வின்தான் முதலில் பேசினான். “இந்த வருசம் சுமார்தான் தாத்தா. சிரிப்பே வரல” என்றான். ஒரு வாய் சேவைப் போட்டுக்கொண்டான். அப்புறம் மெல்லுவதை நிறுத்தினான். “என்னய ஓட விடாமப் பண்றதுக்குத்தான இது? ஷூ, சிறுத்தை, இப்ப இதா?”

செல்வி என்னைப் பார்க்காமல் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன் மேல பயம் இருந்தா நேராச் சொல்ல வேண்டியதான பெரியப்பா” என்றாள். “எங்கப்பா சாவையுமா எடுத்து விளையாடுவீங்க?”

நான் மாதா மேல் சத்தியம் செய்தேன். அதற்கும் ஒரு முன்கதை இருந்தது. தக்காளி லாரிக் கதைக்கும் மாதா மேல்தான் சத்தியம் செய்திருந்தேன். ஆல்வின் அதை ஞாபகப்படுத்தினான். அன்று சாட்சிக்கு ஒருவரும் இல்லை. டீக்கடைக்காரர் செத்துப் பல வருஷம் ஆகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை சொல்ல வந்தவனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. அதனால் மிச்சம் இருந்ததையும் சொன்னேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது அது.

“ஆளுக வாரதுக்குள்ள வாளியில தண்ணி எறச்சேன். கன்னுக்குட்டி மேல ரெண்டு வாளி ஊத்துனேன். என் மேல ஒண்ணு. இன்னாசி மேல ஒரு வாளி. மூஞ்சில ஊத்த மனசு வரல, தாயி. இடுப்புக்குக் கீழதான் ஊத்துனேன்.”

செல்வி தலையைத் தூக்கினாள். பிறகு கைப்பையைத் திறந்து, உள் ஜிப்பிலிருந்து பழைய உத்தரியம் ஒன்றை எடுத்தாள். மாதா படம் அச்சடித்த இரண்டு சின்னத் துணித் துண்டுகளை நாடாவில் கோத்துக் கழுத்தில் போடுவோமே, அது. இன்னாசியுடையது. நான் அதை நாற்பது வருஷமாகப் பார்க்கவில்லை. அவனோடு புதைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

“அம்மா சாகுறதுக்கு முன்னாடி குடுத்தாங்க” என்றாள். “இதுல தண்ணி பட்டா சாயம் கரைஞ்சிரும், அதனால உங்கப்பா குளிக்கையில கழட்டி ஆணியில மாட்டிருவாருன்னு சொன்னாங்க. அன்னைக்குக் கழுத்துலதான் கெடந்துச்சுன்னாங்க. வேட்டி சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்துச்சாம்.”

அவள் அதை உள்ளங்கையில் வைத்து ஆல்வினிடம் நீட்டினாள். மாதாவின் நீல முக்காடு நீலமாகவே இருந்தது. ஓரம் மட்டும் கொஞ்சம் நைந்திருந்தது.

“எதுக்கு இத என்கிட்டச் சொல்றாங்கன்னு அப்ப எனக்குப் புரியல. மூணு தடவ முங்குன மனுசன் கழுத்துல இருந்தது பெரியப்பா இது.”

நான் தலையாட்டினேன்.

“அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்து நான்கு வருஷம் மரியபுஷ்பம் இதே திட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து கேட்டாள். கன்றுக்குட்டி பிள்ளையாக மாறியதையும் கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் பொட்டலத்தைப் பிரித்ததும் முதல் பிடிச் சேவை என் கையில் வைத்தவள் அவள்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதை இப்போது அவளிடம் போய்ச் சொல்லவும் முடியாது. அடுத்த வரிசையில்தான் கிடக்கிறாள்.

ஆல்வின் உத்தரியத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து, கல்லறைகளுக்கு நடுவே வாசலைப் பார்த்து நடந்தான். ஓடப் போகிறான் என்று பயந்தேன். ஓடவில்லை. நடந்துதான் போனான்.

மறுநாள் ஷப்னம் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டார். சப்பரம் தூக்கி மயங்கியதை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, நல்ல மனுஷி. அன்றைக்கே மதுரைக்கு அனுப்பினார். அங்கே நான்கு நாள் விதவிதமாகப் பரிசோதித்தார்கள். அந்த நோய்தான். மாத்திரை உண்டு, வருஷா வருஷம் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நெஞ்சில் ஒரு சின்னக் கருவி வைப்பார்கள், பார்த்துக்கொண்டால் தலை நரைக்கும்வரை இருக்கலாம், ஆனால் ஓடக் கூடாது. ஆறாம் தேதி தேர்வு மைதானத்தில் மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ஆல்வின் மதுரையில் மார்பில் வயர் ஒட்டிப் படுத்திருந்தான். செல்வியையும் பரிசோதித்தார்கள். அவளுக்கும் லேசாக இருந்தது. கூடவே எனக்கும் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. இந்த வயதில் இப்படி ஒரு இருதயத்தைப் பார்த்ததில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பின் ஆல்வின் என்னிடம் பேசவில்லை. செல்வி சோறு போட்டாள், மருந்து எடுத்துக் கொடுத்தாள், பெரியப்பா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம் மெஷினில் தைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“சைக்கிளத் தூக்கிட்டு மலையேறுனது?”

பொய் என்றேன்.

“தும்மல்?”

தும்முவான், நல்ல சத்தமாகத் தும்முவான், லாரி நிற்கவில்லை என்றேன். அதை மட்டும் எங்கோ மனதில் எழுதிக்கொண்டதுபோல் கொஞ்சம் நிறுத்தினாள். சேலை இழுத்தது என்றாள். பொய். பாம்பைப் பேசி அனுப்பியது. பொய். மழையில் நனையாமல் நடந்தது. பொய். இப்படி நாற்பதையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு ஜாக்கெட் தைத்து முடிக்கும் நேரம் ஆனது. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான். சத்தமாகத் தும்முவான். காராச்சேவு பிடிக்கும். உத்தரியத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிப்பான். மகளைத் தூக்கும்போது மீசை குத்துமென்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அண்ணன் சொன்னால் நம்புவான்.

மீசை விஷயம் நான் அதுவரை சொல்லாதது. கதைக்கு ஆகாத அளவுக்குச் சின்னது என்று விட்டிருந்தேன். செல்வி மெஷினை நிறுத்தினாள். கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு மறுபடி மிதித்தாள்.

கல்லை என்ன செய்வது என்று செழியனைக் கேட்டோம். செதுக்கியதை அழிக்க முடியாது, வேண்டுமானால் பெயர்த்துத் திருப்பிப் பின்பக்கம் செதுக்கலாம் என்றார். புது வாசகம் என்ன என்று கேட்டார். கடைசியாக மிஞ்சியதை எழுதலாம், அண்ணன் சொன்னதை நம்பியவன் என்று போடுங்கள் என்றேன். செல்வி, பெயரும் வருஷமும் போதும் என்றாள். செழியன், இம்புட்டுத்தானா என்றார். இம்புட்டுத்தான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் ஆல்வின் வண்டியை வாசலில் நிறுத்தி, மாடியைப் பார்த்து ஹாரன் அடித்தான். இறங்கிப் போனேன். “ஏறுங்க” என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. வேடசந்தூர் ரோட்டில் மில் பஸ்களை முந்தாமல், நிதானமாக ஓட்டினான்.

டீக்கடை இருந்த இடத்தில் இப்போதும் டீக்கடைதான், சிமெண்டுக் கட்டடம், கூடவே செல்போன் ரீசார்ஜ். அங்கே வண்டியை நிறுத்தி மீட்டரைப் பார்த்துக்கொண்டான். வழி கேட்டான். பழைய மண் பாதை அப்படியே இருந்தது, இரண்டு பக்கமும் தரிசு. வளைவில் திரும்பி, பனைமரம் வரை போய் நின்றான். கன்றுக்குட்டி கட்டிய மரம் அதுதானா என்று எனக்கு நிச்சயமில்லை, நிச்சயமில்லை என்றே சொன்னேன். கிணறு இருந்தது. தண்ணீர் இல்லை. உள்ளே ஓர் ஆலஞ்செடி முளைத்திருந்தது.

“அறுநூறு மீட்டர்” என்றான் மீட்டரைப் பார்த்து. “நீங்க ஒரு கிலோமீட்டர்னு சொன்னீங்க.”

எனக்கு அப்படித்தான் இருந்தது என்றேன்.

“நான் ஆயிரத்து இரநூறு ஓடிட்டுத்தான் விழுந்தேன்” என்றான். பெருமையா, வேறு ஏதாவதா என்று அவன் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. கிணற்று மேட்டில் கொஞ்ச நேரம் குனிந்து மண்ணைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“அவரு ஓடி எவ்வளவு நேரம் கழிச்சு நீங்க வந்து சேந்தீங்க?”

தெரியாது என்றேன். அது உண்மை. நாற்பது வருஷமாக நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. முப்பத்தோரு வருஷம் ஒவ்வொரு வண்டிக்கும் நிமிஷம் குறித்தவனுக்கு அந்த ஒரு நேரம் தெரியாது.

ஆல்வின் என்னை வண்டியில் ஏற்றித் திரும்பவும் டீக்கடையில் கொண்டுவந்து இறக்கினான். என் போனை எடுத்துத் தன் நம்பருக்குப் போட்டு, காதில் வைத்துக்கொள்ளச் சொன்னான். “மணி பாக்கலாம். டீ குடிச்ச நேரத்தையும் சேத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுக்குப் போனான். வளைவைத் தாண்டிய பிறகு வண்டிச் சத்தம் நின்றது.

நான் ஒரு டீ சொன்னேன். பேப்பர் கப்பில் தந்தார்கள். பாதியைக் கீழே ஊற்றிவிட்டு மீதிப் பாதியைக் குடித்தேன். சூடாக இருந்ததால் நேரமானது. அன்றைக்கும் சூடாகத்தான் இருந்திருக்கும். கப்பைப் போட்டுவிட்டு மண் பாதையில் இறங்கினேன். கால்கள் தாமாகவே வேகம் எடுத்தன. முழங்கால் உண்மையாகவே வலித்தது. வளைவு திரும்பியதும், தூரத்தில் பனைமரத்தடியில் ஆல்வின் போனை ஒரு காதில் வைத்தபடி என்னைப் பார்த்து நிற்பது தெரிந்தது. கையை வீசி இன்னும் வேகமாக நடந்தேன்.

“ஓடாதீங்க தாத்தா” என்றது போன். “அன்னைக்கு நடந்த மாதிரி நடங்க.”